நுவரெலியாக் குளிரில் சோனா சூட்
கிரகரி வாவிப் பக்கம் ஓடும் தம்பிமார் இப்போது வேர்க்க வைத்து எடை குறைக்கும் என்று சொல்லும் பளபளக்கும் பிளாஸ்டிக் சோனா சூட்டோடு வருகிறார்கள். லேசில் வேர்க்காத ஊர், ஆசை விளங்குது. ஆனால் எடையில் இறங்குவது தண்ணீர், கொழுப்பல்ல. குடித்தால் தராசு பழைய இடத்துக்கு வந்துவிடும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு ஆறும், சூட் அதைத்தான் தடுக்கிறது. 1997இல் அமெரிக்காவில் எடை குறைக்கப் போய் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தார்கள். அப்புறம்தான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் இந்த மாதிரிச் சூட்டுக்குத் தடை.

போட்டே ஆகணுமா? முன்பக்கம் ஸிப் வைத்ததாக எடுங்கள், சட்டென்று திறக்கலாம். முதலில் பத்து நிமிட நடை போதும், கையில் தண்ணீர். தலை சுற்றினால் உடனே கழற்றுங்கள். பிரஷர், இதய வருத்தம் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம். கழற்றியதும் நனைந்த உடம்பில் நம்ம ஊர்க் காற்று சும்மா விடாது, உலர்ந்த ஜேர்சி ஒன்று பையில் இருக்கட்டும்.