நம்ம ஆளுங்க ரத்தம்

ரத்த வங்கியில் டெக்னீஷியன் வேலை. கொடுக்கும் பையின் மேல் யூனிட் எண், குரூப், எடுத்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். கொடுத்தவரின் பெயரோ ஊரோ இருக்காது. நோயாளியின் சொந்தக்காரர்கள் சிலர் குரலைத் தாழ்த்தி, "நம்ம ஆளுங்க ரத்தமா இருந்தா நல்லது சார்" என்பார்கள். ஐசியூவில் ஓர் உயிர் இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்திலும் இந்தப் பேச்சு வருகிறதே என்று எனக்கு வலிக்கும்.

மனித ரத்தம் எல்லாம் ஒன்று என்று மேடையில் சொல்லிவிடலாம். ஒன்றல்ல என்று சோதிப்பதுதான் என் வேலை. கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் ரத்தப் பிரிவுகளைப் பற்றி 1901-இல் எழுதினார். பிரிவு மாறி ஏற்றினால் சிவப்பணுக்கள் சிதைந்து ஆளே போய்விடலாம். ஆனால் அந்த வேறுபாடு ஒரே வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கூடப்பிறந்த தம்பியுடையது சேராமல் போகலாம்; வெளியே நிற்கும் லாரி டிரைவருடையது சேரலாம். கொடுத்தவர் ரத்தம் நோயாளிக்குச் சேருமா என்று கலந்து பார்க்கும் கிராஸ்மேட்ச் டியூபுக்குச் சாதியும் மதமும் தெரியாது. அமெரிக்காவில் செஞ்சிலுவைச் சங்கமே கறுப்பர், வெள்ளையர் ரத்தத்தை 1950 வரை தனித்தனியாக வைத்திருந்தது. அறிவியலில் அதற்கு எந்தக் காரணமும் இல்லை.

"அப்பா ரத்தத்தையே பையனுக்கு ஏத்துங்க" என்பார்கள். அங்கேதான் ஆபத்து. நெருங்கிய உறவினரின் வெள்ளையணுக்களை நோயாளியின் உடல் வேற்றாளாக நினைக்காமல் விட்டுவிடலாம். அவை உள்ளே பெருகி அந்த உடலையே தாக்கும். அரிதுதான், ஆனால் வந்துவிட்டால் பிழைப்பது மிகக் கடினம். அதனால் ரத்த உறவினர் கொடுத்ததை, அந்த வெள்ளையணுக்கள் பெருகாதபடி கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்றச் சொல்கிறார்கள். முன்பின் தெரியாதவர் கொடுத்ததற்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. இதைப் பொறுமையாகச் சொன்னால் மக்கள் கேட்டுக்கொள்கிறார்கள். முகம் மாறுவதையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பாம்பே குரூப் என்னும் அரிய ரத்தப் பிரிவு. 1952-இல் பம்பாயில் கண்டறிந்தது. முதல் சோதனையில் ஓ போலவே தெரியும். ஆனால் ஓ ரத்தம்கூட அவர்களுக்குச் சேராது. அதே குரூப்காரர்தான் தரவேண்டும். ஒருவருக்குத் தேவை என்று தகவல் போனால் முகம் தெரியாத அந்த ஆளுக்காக ராத்திரி பஸ் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, குரூப் தெரிந்த செல்களோடு கலந்து பார்ப்பது ரிவர்ஸ் குரூப்பிங். அதில் பாம்பே குரூப்காரரின் சீரம் ஓ செல்லையும் திரளவைக்கும்போதுதான் எங்களுக்குப் பிடிபடும். தான் வெறும் ஓ என்றே நினைத்து, ஒருமுறைகூட ரத்தம் கொடுக்காமல் இருப்பவர்களும் பாம்பே குரூப்காரர்களில் இருப்பார்கள். அவர்கள் ஒருமுறையாவது வரவேண்டும்.