வெளியே வர மறுத்த போல்ட்டும் கொரோலாவின் டென்ஷனர் புல்லியும்

பெல்ட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் டென்ஷனரின் வேலையை முடித்துவிட்டேன். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கரகரவென்று அரைத்த அந்தச் சத்தம் அடியோடு போய்விட்டது. பானட்டைத் திறந்து காது கொடுத்தால் இன்ஜெக்டர்களின் டிக்டிக் ஓசைதான் கேட்கிறது. "டென்ஷனரை முழுசாக மாற்றியே ஆகவேண்டும்" என்று கடைக்குக் கடை சொன்னவர்களுக்கு என் பதில், புல்லிக்குள் இருக்கும் ஒரே ஒரு பேரிங். பெல்ட் உருளும் புல்லி பழையது, அதைத் தாங்கும் கை பழையது, அதிர்வை அடக்கும் டாம்பர் பழையது, போல்ட்டும் பழையதுதான்.

வண்டி டொயோட்டா கொரோலா 160i. 3ZZ-FE எஞ்சின், 1598 சிசி. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டனில் தயாரானது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்து பல மாதங்கள் முடங்கிக் கிடந்ததே, அதே தொழிற்சாலை. இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டைச் சுற்றுவது சங்கிலி. வெளியே ஓடும் ஒற்றைப் பெல்ட் வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் பம்ப், ஏசி கம்ப்ரஸர் எல்லாவற்றையும் இழுக்கிறது. ஆகவே பெல்ட் போனால் வால்வு வளையாது. ஆனால் ஹிகின்சன் நெடுஞ்சாலையின் நடுவில் பேட்டரி விளக்கு எரியும், ஸ்டீயரிங் கல்லாகும், வெப்ப முள் ஏறும். அந்த அனுபவம் எனக்கு வேண்டாம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதைப் பற்றி நீட்டவில்லை. நீளத் திருப்புளியைக் காதில் வைப்பதும், பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில நொடிகள் மட்டும் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும் எல்லோரும் செய்வதுதான். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கையால் சுண்டிவிட்டதும் புல்லி நெடுநேரம் லகுவாகச் சுற்றினால், "ஆகா, நன்றாக இருக்கிறது" என்று திரும்பவும் பூட்டிவிடுகிறார்கள். கிரீஸ் இருக்கிற பேரிங் அப்படிச் சுற்றவே சுற்றாது. ஒரு சுற்றோ ஒன்றரைச் சுற்றோ சத்தமில்லாமல் போய், சோம்பலாக நின்றுவிடும். சர்ரென்று ஓசையோடு ஓடிக்கொண்டே இருப்பது உள்ளே காய்ந்துபோனது. என்னுடையது ராட்டினம்போல் சுற்றியது. டாம்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை, கையின் அச்சில் ஆட்டம் இல்லை. அப்படியிருக்க முழு டென்ஷனரை ஏன் வாங்க வேண்டும்?

கடையில் கேட்டால் புல்லி தனியாக வராது என்றார்கள். முழு டென்ஷனர் இருக்கிறது, அதுவும் பெயர் தெரியாத பெட்டியில். அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன்: கை வார்ப்பில் பிசிறு, பேரிங் மூடியில் தயாரித்தவர் பெயரே இல்லை. நல்ல டாம்பரோடு நல்ல வார்ப்பைத் தூக்கி எறிந்துவிட்டு இதைப் பூட்டுவதா? மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். பெல்ட்டைத் தளர்த்த டென்ஷனரில் 19 மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். மெதுவாக. உள்ளே இருப்பது எண்ணெய் டாம்பர். எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக நேரம் வேண்டும், எவ்வளவு பலம் கொடுத்தாலும் அது அவசரப்படாது. திரும்ப விடும்போதும் அதே நிதானம் வேண்டும். சேஸிஸ் தண்டுக்கும் புல்லிக்கும் நடுவில் ராட்செட்டும் சாக்கெட்டும் சேர்ந்து நுழைகிற அளவு இடம் இல்லை. நீளமான தட்டை ரிங் ஸ்பேனர்தான் ஒரே கதி.

இங்கேதான் இந்த எஞ்சினை வடிவமைத்த புண்ணியவான் வேடிக்கை காட்டியிருக்கிறார். டென்ஷனரைப் பிடித்திருப்பவை ஒரு நீண்ட போல்ட்டும் ஒரு நட்டும் மட்டுமே. நட் சமர்த்தாகக் கழன்றது. போல்ட்டும் இளகியது, சுற்றச் சுற்ற வெளியே வந்தது, வந்து வந்து சேஸிஸ் தண்டில் தலை முட்டி நின்றுவிட்டது. மரை முழுவதும் விடுபட்டுவிட்டது, போல்ட் துளைக்குள் தடையில்லாமல் சுற்றுகிறது, ஆனால் வெளியே எடுக்க இடம் இல்லை. டென்ஷனரைச் சாய்த்தும் புரட்டியும் பார்த்தாலும் ஒரு விரல்கடை இடம்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

வழி ஒன்றுதான்: வலப்பக்க எஞ்சின் மவுண்ட்டைக் கழற்றி, எஞ்சினையே கொஞ்சம் தூக்க வேண்டும். எங்கள் சாட்ஸ்வர்த் வீட்டு வாசலில் இதை நினைத்தும் பார்க்க முடியாது; தெருவே மேடும் பள்ளமும், வாசல் சரிவில் ஜாக்கி நிற்காது. அதனால் மெரபேங்கில் மாமா வீட்டு முற்றத்தில் வேலை. தட்டையான சிமெண்டுத் தரை, நிழல், தேநீர், கூடவே மாமாவின் ஆலோசனைகள்.

"அறுத்துத் தள்ளு மாப்பிள்ளை, புது போல்ட் வாங்கிக்கொள்ளலாம்" என்று கிரைண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த போல்ட் சும்மா போல்ட் இல்லை. டென்ஷனரின் கை அதன் மேல்தான் நிற்கிறது. அதே நீளம், அதே வலிமை உள்ளதைத் தேடிப் போனால் திரும்பவும் அதே கடைக்காரர், அதே "முழு டென்ஷனரோடுதான் வரும்". கிரைண்டரை வாங்கி ஓரமாக வைத்தேன்.

எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப்பின் கீழ் அகலமான மரப்பலகை, அதன் கீழ் ஜாக்கி. வண்டியின் எடை ஸ்டாண்டின் மேல் இருக்க வேண்டும். இந்த ஜாக்கிக்கு எஞ்சின் மட்டும்தான் பொறுப்பு. பலகை சின்னதாக இருந்தால் சம்ப் நசுங்கும். முதலில் எஞ்சினின் எடையை ஜாக்கி வாங்கிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் உயர்த்தி, மவுண்ட்டின் போல்ட்டுகளைக் கழற்றினேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. ஒவ்வொரு அழுத்துக்கும் இறங்கி வந்து ரேடியேட்டர் குழாய், ஏசி குழாய், சைலன்சர் இணைப்பு எல்லாம் இழுபடுகின்றனவா என்று பார்ப்பது. இந்த வேலையின் கடினமே இதுதான், பலமே வேண்டியதில்லை, பொறுமை மட்டும் போதும். மாமா ஜாக்கியில், நான் டார்ச்சோடு. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய அந்த ரீசார்ஜ் விளக்கு இப்போது நிரந்தரமாகப் பானட்டின் அடியில்தான் குடியிருக்கிறது. ஒரு கட்டத்தில் போல்ட்டின் தலை தண்டின் விளிம்பைத் தாண்டியது. டென்ஷனரும் போல்ட்டும் சேர்ந்தே கைக்கு வந்தன. திரும்பப் பூட்டும்போதும் போல்ட்டை முன்கூட்டியே டென்ஷனருக்குள் செருகிக்கொண்டுதான் உள்ளே நுழைக்க வேண்டும். தனியாகப் பிறகு செருகலாம் என்று நினைப்பவர் எஞ்சினை இன்னொரு முறை தூக்குவார்.

மேசைக்கு வந்த பிறகு எல்லாம் சுகம். புல்லியைக் கையிலிருந்து பிரித்து, வைஸில் வைத்துப் பழைய பேரிங்கைத் தள்ளி எடுத்தேன். அதைத் தூக்கி எறியாதீர்கள்! அதன் வெளி வளையத்தின் சுற்றுப்புறத்தை உப்புத்தாளால் துளி தேய்த்துவிட்டால், புல்லிக்குள் தடையில்லாமல் போய் வரும். புதியதை இறக்க அதைவிடச் சிறந்த கருவி எந்தக் கடையிலும் கிடைக்காது. அளவு சரியாக இருக்கும், அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும் விழும். உள் வளையத்தில் அழுத்தினால் அந்த விசை முழுவதும் குண்டுகள் வழியாகப் போகும். ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். புது பேரிங் சில மாதங்களில் பாட ஆரம்பிக்கும். "புது பேரிங்கும் போய்விட்டது, மட்டமான சரக்கு" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் சுத்தியலால் உள் வளையத்தில் அடித்தவர்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

புது பேரிங் ஃப்ரீசரில், அத்தையின் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறையில் ஓர் இரவு இருந்தது. புல்லியை ஹீட் கன்னால் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் கொஞ்சம் சுட வைத்தேன். இரண்டும் சந்தித்தபோது முக்கால்வாசி தானாகவே இறங்கியது. மிச்சத்தை வைஸ் மெல்லத் தள்ளியது. அடியில் உட்கார்ந்ததும் வைஸின் கைப்பிடி திடீரென்று இறுகும், அங்கேயே நிறுத்த வேண்டும்.

பேரிங் வாங்குவதைப் பற்றி: மூடியில் இருக்கும் எண்ணைப் படியுங்கள், வெர்னியரால் அளந்தும் பாருங்கள். இத்தகைய புல்லிகளில் அடிக்கடி பார்ப்பது 6203 வகை: உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். ஆனால் வண்டிகளுக்கென்றே அகலம் கூட்டிச் செய்தவையும் உண்டு. எண்ணை மட்டும் நம்பினால் அகப்படுவோம். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி வேண்டும். எஸ்கேஎஃப் நிறுவனம் அதை 2RS என்று தொடங்கி எழுதும், என்எஸ்கே DDU என்னும், என்டிஎன் LLU என்னும். ZZ என்றால் இரும்புத் தகடு. நம் கடற்கரைக் காற்றுக்கும் மழைநீருக்கும் அது போதாது. எஞ்சினின் சூட்டில் ஓடுவதால் C3 இடைவெளி (வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான உள் இடைவெளி) உள்ளதைக் கேட்டு வாங்கினேன். வாகன உதிரிபாகக் கடையில் வாங்கவில்லை. ஜேக்கப்ஸ் பக்கம் தொழிற்சாலைகளுக்கு பேரிங் விற்கிறவர்களிடம் போனேன். அங்கே எண்ணைச் சொன்னால் போதும், எந்த வண்டி, எந்த ஆண்டு என்று குறுக்கு விசாரணை இல்லை. போலிச் சரக்கு பேரிங்கில் ஏராளம். பெட்டி அழகாக இருப்பதும் விலை பாதியாக இருப்பதும் சேர்ந்தே வந்தால் கையை எடுத்துவிடுவது நல்லது. மூடியை நெம்பிப் புது கிரீஸ் அடைத்தால் போதுமே என்பது மாமாவின் கட்சி. ஓடுபாதை பளபளப்பு இழந்த பேரிங்குக்குக் கிரீஸ் அடைப்பது சத்தத்தை மறைக்கும், அவ்வளவுதான்.

பூட்டுவது தலைகீழ் வரிசை; இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர், கையேட்டில் உள்ள அளவு. பெல்ட்டையும் புதிதாகப் போட்டேன். முதல் ஓட்டத்தில் குருவிபோல் ஒரு சின்னக் கீச்சு. பெல்ட்டின் வரிப்பக்கத்தில் தண்ணீர் தெளித்தேன். சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனவே வழுக்கலும் இல்லை, புல்லிகளின் நேர்கோடும் பிசகவில்லை. பார்த்தால், கழன்றிருந்த ஒரு வயர் கிளிப் உரசிக்கொண்டிருந்தது.

வண்டி இன்னும் மாமா முற்றத்தில்தான் நிற்கிறது. சக்கர வளைவின் உள்ளே வரும் பிளாஸ்டிக் மறைப்பின் கிளிப்புகள் கழற்றும்போதே பொடிப்பொடியாகிவிட்டன. வெயிலில் வறுபட்ட பிளாஸ்டிக் வேறெப்படி இருக்கும்? மறைப்பு இல்லாமல் ஓட்டினால் சேறும் தண்ணீரும் நேராகப் பெல்ட்டின் மேல்தான். கிளேர்வுட்டில் ஒரு பழைய வண்டிக் கடையில் பை நிறைய வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. அதற்குள் கண்ணில் பட்டது இன்னொன்று: கேம்ஷாஃப்டைச் சுற்றும் டைமிங் சங்கிலியின் டென்ஷனர் ஓரத்தில் ஈரம். இந்த எஞ்சின் குடும்பத்துக்கே உரிய ஓ-ரிங் கசிவு. இரண்டு நட், ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். ஆனால் டென்ஷனரின் கொக்கியை மாட்டாமல் உள்ளே தள்ளினால் அது வேறு கதை. தைப்பூசத்துக்கு முன்னால் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் மாமா. கிளேர்வுட் கோயிலுக்குப் போகிற உறவினர் வண்டிகள் எல்லாம் இந்த முற்றத்தில்தான் நிற்கும். ஆகவே ஓ-ரிங் முதலில், கிளிப் அடுத்து. அவருடைய ஹைலக்ஸின் பெல்ட்டும் கத்துகிறது, அதை நான் இன்னும் கேட்காததுபோல் இருக்கிறேன்.