பெரியப்பாவின் ஹார்டு டிஸ்க்

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு அல்சூரில் பெரியப்பா வீட்டுக்குள் நுழைந்ததுமே ஹார்டு டிஸ்க்கைக் கையில் கொடுத்துவிட்டார். "பாருடா, இது போயிடுச்சாம். எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடையில எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட்தான் பண்ணணும்ங்கறாங்க." உள்ளே பத்து வருஷத்து ஆடிக் கிருத்திகைக் காவடிப் படங்கள். பெரியம்மா கடைசியாகப் பால்குடம் எடுத்த வருஷமும் அதில்தான். வேறெங்கும் நகல் கிடையாது.

என் லினக்ஸ் லேப்டாப்பில் செருகினேன். விளக்கு எரிந்தது. பெயரும் தெரிந்தது, க்ளிக் செய்தால் மவுண்ட் ஆக, அதாவது உள்ளே இருப்பதைத் திறந்து காட்ட, மறுத்தது. செருகிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளை 931.5 ஜி என்று அளவைக் காட்டியதும் எனக்கு மூச்சு வந்தது. 1 டிபி (டெராபைட்) டிஸ்க்கை லினக்ஸ் அப்படித்தான் காட்டும். அந்தப் பட்டியலில் டிஸ்க் வரவே இல்லை என்றால் கேபிளையும் போர்ட்டையும்தான் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. சில டிஸ்க்குகளுக்கு 500 போதாது.

அடுத்து, லினக்ஸ் தனக்குள் எழுதிவைக்கும் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளை. கடைசி வரியில் காரணம் இருந்தது: வால்யூம் 'டர்ட்டி'. பெரியப்பா விண்டோஸில் 'சேஃப்லி ரிமூவ்' கொடுக்காமல் பிடுங்கியிருக்கிறார். எழுதி முடிக்காத வேலை மிச்சமிருக்கிறது என்று டிஸ்க்கில் ஒரு குறி விழுந்துவிட்டது. விண்டோஸை வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியாலும் இது நடக்கும். ஷட்டவுன் செய்தாலும் அது முழுசாக மூடுவதில்லை. விண்டோஸ் டிஸ்க்குகளின் என்டிஎஃப்எஸ் அமைப்பைப் படிக்க, 2021-இல் லினக்ஸின் மையமான கர்னல் 5.15-ஓடு வந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர் இந்தக் குறியைப் பார்த்தால், எழுதும் உரிமையோடு மவுண்ட் செய்யாது. அது சரியான எச்சரிக்கை என்றுதான் நான் நினைக்கிறேன். டிஸ்க்கைக் காப்பாற்றத்தான் மறுக்கிறது.

ஆனால் படிக்க மட்டும் என்றால் விடும். மவுண்ட் கட்டளையில் 'ஆர்ஓ' (ro, ரீட்-ஒன்லி) சேர்த்தேன், திறந்துவிட்டது. இணையத்தில் பலரும் உடனே என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் (ntfsfix) என்ற லினக்ஸ் கட்டளையை ஓட்டச் சொல்கிறார்கள். அது குறியை அழிக்கும், சில பிழைகளைச் சரிசெய்யும். ஆனால் டிஸ்க்கை முழுசாகச் சோதிக்காது. ஒரே நகல் உள்ளவர்கள் தயவுசெய்து முதலில் படங்களை வேறிடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். முழுச் சோதனைக்கு விண்டோஸின் சொந்தக் கருவியான செக்டிஸ்க் (chkdsk) ஓட்டுவதுதான் நல்லது.

நகல் எடுத்து முடிய சாயங்காலம் ஆகிவிட்டது. ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, பால்குடப் படத்தில் கொஞ்ச நேரம் நின்று, அதன் பிறகுதான் அண்ணனின் விண்டோஸ் லேப்டாப்பில் செக்டிஸ்க் ஓட்ட பெரியப்பா சம்மதித்தார். திரும்ப என் லேப்டாப்பில் செருகியபோது தானாகவே மவுண்ட் ஆனது.