74.25 என்ற எண்ணும் ஒரு வேலைத் தேர்வும்

இசிஇ முடித்த கையோடு ஒரு செய்திச் சேனலில் டிரெய்னி பிராட்காஸ்ட் இன்ஜினியர் தேர்வுக்குப் போனேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். நேர்காணலுக்கு உள்ளே போனவன் ஏழே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து வேறொரு சேனலில் அதே மாதிரித் தேர்வு, அங்கே வேலை கிடைத்தது. நடுவில் எப்படிப் படித்தாய் என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

முதல் தடவை பட்டியல்களை மனப்பாடம் செய்தேன். எந்தக் கேமரா எந்த ஃபார்மட்டில் பதியும், எந்த ஸ்விட்சரில் (கேமராக்களுக்கு இடையே மாற்றும் கருவி) எத்தனை இன்புட் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டி, கடகடவென்று ஒப்பிப்பேன். நேர்காணலில் எதிரே இருந்தவர், ஸ்டுடியோ கேபிளில் டிஜிட்டல் வீடியோ ஓடும் எஸ்டிஐ முறையைப் பற்றிக் கேட்டார்: "ஹெச்டி எஸ்டிஐ வேகம் எவ்வளவு?"

"1.485 கிகாபிட், சார்."

"சரி. அது ஏன் 1.5 ஆக இல்லை?"

விழித்தேன். அத்தோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியைத்தான் முதலில் எடுத்தேன். நாம் பார்க்கும் 1080 படத்தில் ஒரு வரிக்கு 1920 புள்ளிகள், மொத்தம் 1080 வரிகள். ஆனால் கேபிளில் ஓடுவது அதைவிடப் பெரிய சட்டகம். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் முறையில் வரிக்கு 2640 புள்ளிகள், மொத்தம் 1125 வரிகள், நொடிக்கு 25 ஃப்ரேம், அதாவது முழுப் படங்கள். மிச்ச இடத்தில்தான் ஆடியோவும் டைம்கோடும் பயணம் செய்கின்றன. 2640 × 1125 × 25 போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 7 கோடியே 42 லட்சத்து 50 ஆயிரம். அதாவது 74.25 மெகாஹெர்ட்ஸ். இது வெளிச்சத்துக்கு மட்டும். நிறத்தைப் பாதியாகக் குறைத்து அனுப்பும் 4:2:2 முறையில் இரண்டு நிறச் சிக்னல்களுக்கும் ஆளுக்குப் பாதி, சேர்த்தால் இன்னொரு 74.25. மாதிரி (சாம்பிள்) ஒன்றுக்கு 10 பிட். மொத்தம் 1.485 கிகாபிட்.

எனக்கு வியப்பாக இருந்தது இதற்கு அடுத்த கணக்கு. 720 ப்ரோக்ரெசிவ் 50க்கு (வரிகளைப் பிரிக்காமல் முழுப் படமாக, நொடிக்கு 50) 1980 × 750 × 50 போட்டாலும் அதே 74.25. முப்பது ஃப்ரேம் ஓடும் நாடுகளின் 1080க்கு 2200 × 1125 × 30, அதுவும் 74.25. வரியின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து, எல்லா ஃபார்மட்டும் ஒரே கேபிளில் ஒரே வேகத்தில் போகும்படி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் 59.94 ஹெர்ட்ஸ் கணக்கில் மட்டும் இதை 1.001ஆல் வகுக்க வேண்டும், அதையும் கேட்பார்கள். ஹெச்டிக்கு முந்தைய பழைய எஸ்டிக்கு 864 × 625 × 25, அதாவது 13.5 மெகாஹெர்ட்ஸ். அதிலிருந்து 270 மெகாபிட். 1080 ப்ரோக்ரெசிவ் 50க்கு இரட்டிப்பு, அதனால் 2.97 கிகாபிட். நாலு கே 50க்கு அதன் நாலு மடங்கு, 11.88. என் சுவரில் இருந்த பாதி அட்டவணை அன்று ராத்திரியே கீழே வந்துவிட்டது.

இன்டர்லேஸில், அதாவது ஒரு படத்தின் ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் இரண்டு ஃபீல்டுகளாகப் பிரித்து அனுப்பும் முறையில், தடுமாறாதவர் குறைவு. '1080 ஐ 50' என்றால் நொடிக்கு 50 ஃபீல்டு, 25 ஃப்ரேம். ஆனால் ஐரோப்பிய ஆவணங்களில் இதையே '1080 ஐ 25' என்று ஃப்ரேம் கணக்கில் எழுதுவார்கள். கேள்வித்தாளில் எது வந்தாலும் பதறாமல் ஃபீல்டா ஃப்ரேமா என்று முதலில் பாருங்கள். கூடவே ஃபீல்டு வரிசை: ஹெச்டியில் மேல் ஃபீல்டு முதலில், பழைய PAL முறை DV டேப்பில் கீழ் ஃபீல்டு முதலில். பழைய டேப்பிலிருந்து எடுத்த காட்சியை ஹெச்டி டைம்லைனில் கவனிக்காமல் போட்டால், ஓடும் ஆள் முன்னும் பின்னுமாக உதறுவார்.

டேப்பைப் பற்றியெல்லாம் இப்போது யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டார்கள். லைப்ரரி முழுக்க டேப் வைத்திருக்கும் சேனல் கேட்கத்தான் செய்யும். சோனியின் ஹெச்டிகேம் டேப்பில் 1920 புள்ளிகள் அப்படியே பதிவதில்லை. 1440 ஆகக் குறைந்து, நிறம் 3:1:1 என்று இன்னும் மெலிந்து போகும். முழுதாக வைத்திருப்பது ஹெச்டிகேம் எஸ்ஆர். 2011 ஜப்பான் நிலநடுக்கத்தில் சோனியின் டேப் தொழிற்சாலை பாதிக்கப்பட்டு, எஸ்ஆர் டேப்புக்கே உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது. ஃபைலுக்கு மாறலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பல நிறுவனங்கள் அப்போதுதான் மாறின. ஃபைல் என்றால் சேமிப்புக் கணக்கு நிச்சயம் வரும். எக்ஸ்டிகேம் ஹெச்டி 422 என்ற ஃபைல் ஃபார்மட் நொடிக்கு 50 மெகாபிட், மணிக்கு 22.5 ஜிபி, ஆடியோ தனி. பிட்டைப் பைட்டாக்க எட்டால் வகுக்க மறப்பதுதான் இதில் வழக்கமான தவறு.

இரண்டாவது சேனலின் செய்முறைத் தேர்வுதான் உண்மையான சோதனை. மானிட்டரில் படம் நடுநடுவே மின்னிக்கொண்டும், சில நேரம் உறைந்தும் நின்றது. கேமராவைப் பார், சிசியுவைப் (கேமராவைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பார் என்று மனம் அலைந்தது. கடைசியில் கேபிள்களை இணைக்கும் பேட்ச் பேனலுக்குப் பின்னால் கையை விட்டேன். எஸ்டி காலத்துப் பழைய கேபிள், அதன் நுனியில் 50 ஓம் பிஎன்சி கனெக்டர். வீடியோவுக்கு 75 ஓம் வேண்டும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே வெள்ளை இன்சுலேஷன் எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். 270 மெகாபிட்டைத் தாங்கிய கேபிள் 1.485 கிகாபிட்டில் கைவிட்டது. அனலாக் போலப் படம் மெல்ல மெல்லக் கெடாது. நன்றாக இருக்கும், இருக்கும், சட்டென்று போய்விடும். நல்ல கேபிளிலேயே ஹெச்டிக்கு 100 மீட்டர் வாக்கில் எல்லை வந்துவிடும்.

இந்த மாதிரி விஷயம் புத்தகத்தில் கையில் படாது. எனக்குத் தெரிந்த ஒரு ஓபி வேன் (வெளியிடத்திலிருந்து ஒளிபரப்பும் வண்டி) அண்ணனிடம் கெஞ்சி, மூன்று கோவில் திருவிழாக்களுக்குக் கேபிள் சுருட்டப் போனேன். சம்பளம் இல்லை, சாப்பாடு உண்டு. கேபிள் நுனியில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூலைப் பிடிக்க அங்கேதான் கற்றேன். ஃபைபர் கனெக்டரின் முனையைத் துடைக்காமல் சொருகினால் திட்டு விழும் என்பதும் அங்கே தெரிந்ததுதான்.

சிக்னலின் அளவை வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்ம் மானிட்டர் முன்னால் உட்கார வைத்தால், 10 பிட்டில் கறுப்பு 64, வெள்ளை 940 என்று சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். ஏன் 0 முதல் 1023 வரை இல்லை என்பது அடுத்த கேள்வி. இரு கடைசியிலும் உள்ள சில எண்கள், வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் குறிகளுக்காக ஒதுக்கப்பட்டவை. மற்றவை வழிதவறிய சிக்னலுக்கான இடைவெளி. எல்லாக் கருவிகளையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் ஜென்லாக், அதற்கு ஹெச்டியில் பயன்படும் ட்ரை-லெவல் சிங்க் சிக்னல் இரண்டையும் ஒரு பத்தி எழுதும் அளவுக்குத் தெரிந்துகொண்டால் போதும்.

இரண்டாவது நேர்காணலிலும் 1.485 வந்தது. பேப்பர் கேட்டு வாங்கி, 2640இல் ஆரம்பித்தேன். பாதியிலேயே போதும் என்றார்கள். அப்புறம் கேட்டது ஒன்றே ஒன்று: எம்சிஆரில் (ஒளிபரப்பின் மாஸ்டர் கன்ட்ரோல் அறை) இரவு ஷிஃப்ட் வாரக்கணக்கில் வரும், சம்மதமா? அதற்கு நான் பேப்பர் கேட்கவில்லை.