பேர் சொன்னால் ஓடி வரணும்

ஜூன் 15, ஞாயிறு

சாத்தூர்ப் பக்கம் நாத்தனார் வீட்டில் பிறந்த சிப்பிப்பாறை ஜாதி நாய்க்குட்டிகளில் இரண்டு இன்று ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. கடுவன் செவலை, பொட்டை கறுப்பு. முத்து, செல்லி என்று மகளே பேர் வைத்தாள். எட்டு வாரம் ஆகும்வரை தாயிடமே இருக்கட்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். வலிக்காமல் கடித்து விளையாடத் தாயும் கூடப்பிறந்ததுகளும் கற்றுக்கொடுப்பதை நம்மால் கற்றுக்கொடுக்க முடியாது. ராத்திரி முழுக்க முனகல். எங்கள் பாய்க்குப் பக்கத்திலேயே சாக்கு விரித்துப் படுக்கவைத்தோம்.

ஜூன் 17, செவ்வாய்

முதல் தடுப்பூசி போட்டாயிற்று. அடுத்தது மூன்று நான்கு வாரம் கழித்து. அதுவரை தெருவில் இறக்கிவிட வேண்டாம் என்றார் டாக்டர். குட்டிகளுக்கு ரத்தபேதி உண்டாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டிவைக்கவும் கூடாது. பதினான்கு வாரத்துக்குள் கண்டதையும் கேட்டதையும்தான் நாய் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஆகவே சாயங்காலம் ஆளுக்கொரு குட்டியாகத் தூக்கிக்கொண்டு மேலூர் ரோட்டு ஓரம் நிற்கிறோம். பஸ் ஹாரன், லாரி, தலைக்கவசம் போட்ட ஆட்கள், கொட்டுச் சத்தம் எல்லாம் மடியிலிருந்தே பழகட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் கொல்லை வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போகிறோம். அங்கே ஒன்றுக்குப் போனால் அந்த இடத்திலேயே பாராட்டு. கூடத்தில் போனால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பது. அவ்வளவுதான்.

ஜூலை 2, புதன்

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம், கூப்பிட்டால் வருவது. சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் ஜாதி. ஓடுகிற முயலைப் பார்த்துவிட்டால் காது கேட்காது. எங்கள் வீட்டைத் தாண்டினால் கண்மாய், ஆடு, மயில். அந்தப் பக்கம் நான்குவழிச் சாலை.

அதனால் வீட்டில் ஒரே சட்டம்: பேரைச் சொன்னால் நல்லது மட்டுமே நடக்கணும். திட்டும்போது பேர் சொல்லக் கூடாது. குளிப்பாட்டவும் ஊசிக்கும் கூப்பிடாமல் நாமே போய்த் தூக்கிக்கொள்ள வேண்டும்.

"ஏத்தா, பேரைச் சொல்லாம எப்படித் திட்டுறது?" என்றார் அத்தை.

"'ச்சூ'ன்னு மட்டும் சொல்லுங்க அத்தை, போதும்."

இரண்டையும் சேர்த்துவைத்துப் பழக்கினால் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருக்குமே தவிர நம்மைப் பார்க்காது. முத்து மகளோடு மாடியில், செல்லி என்னோடு அடுப்படியில். நகக்கண் அளவுக்குக் கிள்ளிய வெந்த ஈரலைக் கையில் மூடிக்கொள்கிறேன். அவள் வேறெங்கோ பார்க்கும்போது ஒரே ஒரு தடவை "செல்லி". முதலில் இடது காது திரும்புகிறது, அப்புறம் முகம். முகம் திரும்பிய நொடியிலேயே ஈரல் வாய்க்குள் போகணும், கொஞ்சம் தாமதித்தாலும் எதற்காகக் கொடுத்தோம் என்று அவளுக்குத் தெரியாது. சாப்பாடும் தூக்கமும்கூட இனி தனித்தனி. நான் சொன்னபடி அத்தையும் 'ச்சூ' பழகிவிட்டார். அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஜூலை 14, திங்கள்

இரண்டாவது ஊசி, கூடவே ரேபிஸ் ஊசியும். பேரைச் சொல்லாமல் தூக்கிப் போனோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பால் பல் விழ ஆரம்பித்துவிட்டது. ஈரத் துணியை முறுக்கி ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுத்தால் நாற்காலிக் கால் தப்பிக்கிறது.

காலையில் தண்ணீரில்லாத கண்மாய்க்குள் நீளக் கயிற்றோடு போனோம். கரை மேல் ஆட்டுக் கிடை போனது. முத்து விறைத்து நின்றான். "முத்து" என்றாள் மகள். ஒரு கணம் ஆட்டைப் பார்த்தான், அப்புறம் திரும்பி அவளிடம் பாய்ந்து வந்தான். கைநிறைய ஈரல் கொடுத்தாள். செல்லி கேட்கவில்லை, கயிறு இழுபடும்வரை ஓடினாள். அவளைப் பிடிக்கத் துரத்தினால் அது அவளுக்கு விளையாட்டு. நான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினேன். என்னைத் துரத்திக்கொண்டு வந்துவிட்டாள், தாமதமாக வந்தாலும் ஈரல் உண்டு.

ஆடு நிற்கும் தூரத்தைக் கூட்டி அடுத்த வாரம் செல்லியை மட்டும் அழைத்துப் போகணும். ஒரு வயது ஆகும்வரை இரண்டுக்கும் கயிறு அவிழ்ப்பதாக இல்லை.