அன்றைக்கு நான் சொன்ன 'சரி'

"இன்றைக்கு வேண்டாம்" என்றார் குழுத் தலைவர். நான் "சரி" என்றேன். அந்தச் 'சரி'யைத்தான் இன்னும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தென் அட்லாண்டிக் கடலில், தெற்கு ஜார்ஜியாவின் பேர்ட் தீவு, டிசம்பர் நடு. இளம் ஆண் ஃபர் சீல் (அடர்ந்த ரோமமுள்ள கடல்நாய்) ஒன்றின் கழுத்தில் பிளாஸ்டிக் பட்டை, பெட்டிகளை இறுக்கிக் கட்டுவார்களே, அது. தூரத்திலிருந்து பட்டை தெரியாது; ரோமத்தைச் சுற்றி ஒரு பள்ளம்தான் தெரியும். பைனாகுலரில் பள்ளத்தின் ஓரம் சிவந்திருந்தது. விளையாட்டாகத் தலையை நுழைத்திருக்கும். ரோமம் பின்பக்கம் படிந்திருப்பதால் உள்ளே போன வளையம் திரும்ப வராது. உடம்பு வளரும், பட்டை வளராது.

அது படுத்திருந்தது மறுகோடிப் புல்மேட்டில். நடுவில் முழுக்க எல்லை பிடித்த ஆண் சீல்கள், தாய்கள், பிறந்து சில நாளே ஆன கறுப்புக் குட்டிகள். பட்டையை வெட்ட நாங்கள் புகுந்தால் கூட்டம் கலையும், குட்டிகள் மிதிபடும். தலைவர் சொன்னது நியாயம்தான்.

மேலே புல்மேட்டு வழியாகச் சுற்றியிருக்கலாமோ? மண்ணுக்குள் கடற்பறவைகளின் வளைகள், கால் வைத்தால் இடிந்துவிடும் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அன்று அதை நினைத்தேனா? கால் மரத்துப்போயிருந்தது, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்றுதான் இருந்தது.

தலைவர் அடிக்கடி சொல்வார்: "நாம் கைவைக்காமல் விட்டதால்தான் இவை திரும்பி வந்தன." உண்மை. சீல் வேட்டைக் கப்பல் கேப்டன் ஜேம்ஸ் வெடல் 1825இல் எழுதிய கணக்குப்படி, இந்தத் தீவுகளில் உரித்த தோல் 12 லட்சத்துக்குக் குறையாது. 1930களில் பேர்ட் தீவில் சொற்பமாக மிஞ்சியிருந்தவற்றிலிருந்துதான் கடற்கரைகள் மறுபடி நிறைந்தன. யாரும் கொண்டுவந்து விடவில்லை. ஆனால் அந்தப் பட்டை? அது நம் கைதானே! கழுத்தில் ஏற்கெனவே கையை வைத்துவிட்டு, கைவைக்க மாட்டோம் என்று எப்படிச் சொல்வது? மீன்பிடிக் கப்பல்களின் இரைப் பெட்டிகளை இப்படிக் கட்டக் கூடாது என்று அண்டார்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையம் 1990களிலேயே தடை போட்டது. அதற்கு முன்போ பின்போ, எங்கிருந்தோ ஒன்று மிதந்து வந்திருக்கிறது.

மறுநாள் அதைக் காணவில்லை. கடலுக்குப் போயிருக்கலாம். மேட்டில் வேறு இரண்டு படுத்திருந்தன. இரண்டின் கழுத்தையும் வெகுநேரம் பார்த்தேன்.

திரும்பியபோது தலைவர் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேட்டுப் புல் ஈரத்தோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் வெட்டுக் கம்பு.

"இருந்ததா?" என்றார்.

"இல்லை."

"விடியும்போது நானும் போய்ப் பார்த்தேன்."

எந்த வழியாக என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.