சதுர அடி 450 ரூபாய் என்றால் எதற்கு?

சென்னையில் எங்கள் பழைய வீட்டின் சமையலறையையும் குளியலறையையும் மாற்றிக் கட்ட சில கான்ட்ராக்டர்களிடம் கொட்டேஷன் வாங்கினோம். அலமாரிக்கு ஒருவர் சதுர அடி 450 ரூபாய், இன்னொருவர் 1,600. வீட்டில் எல்லோரும் 450 பக்கம்தான். எனக்கு மட்டும் உதைத்தது.

"எதை அளப்பீங்க?" என்று கேட்டேன். 1,600காரர் முன்பக்க அகலத்தையும் உயரத்தையும் பெருக்குவார், அவ்வளவுதான். 450காரர் ஒவ்வொரு பலகையையும் அளப்பாராம். 3 அடி அகலம், 7 அடி உயரம், 2 அடி ஆழத்தில் ஓர் அலமாரியை வைத்துக் கணக்குப் போட்டேன். முன்பக்க அளவு 21 சதுர அடி, 33,600 ரூபாய். பலகைக் கணக்கில் பக்கங்கள் 28, முதுகு 21, கதவு 21, மேலும் கீழும் 12, நான்கு தட்டுக்கு 24. ஆக 106 சதுர அடி, 47,700 ரூபாய்! அளக்கும் முறையை ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன்.

அடுத்தது பலகை. இருவர் தாளிலும் வெறும் 'பிளைவுட்' என்று இருந்தது. "நம்மகிட்ட தரமாத்தான் இருக்கும் சார்" என்றார்கள். இருக்கட்டும், சிங்க் அடியில் ஈரம் படுமே. ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான தர எண்ணான ஐஎஸ் 710 என்று எழுத வைத்தேன். அந்த எண் ஐஎஸ்ஐ முத்திரையோடு பலகையிலேயே அச்சாகியிருக்கும், இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். டைல்ஸுக்கும் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை என்று குறித்தாயிற்று. இடிபாட்டை அள்ளிப் போடுவது யார் செலவு? அதுவும் எழுத்தில். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஜிஎஸ்டி தனி' என்று இருந்தது. 18 சதவீதம், சும்மாவா?

கூடுதல் வேலை எதுவானாலும் தொகையை வாட்ஸாப்பில் அனுப்பி, நான் சரி சொன்ன பிறகே தொடங்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம்.

இழுபறி பணத்தில்தான். இருவரும் பாதி அட்வான்ஸ் கேட்டார்கள். வேலை நகர நகரத் தருகிறேன் என்றேன். குளியலறையில் வாட்டர்புரூஃபிங் முடிந்ததும், டைல்ஸ் ஒட்டுமுன், 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழ்வீட்டுக் கூரையில் கசிவு இல்லை என்று பார்த்த பிறகே அந்தத் தவணை. கடைசிப் பத்து சதவீதம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து. 450காரர் "அதெல்லாம் சரிப்படாது சார்" என்று கிளம்பிவிட்டார். மற்றவர் பத்தை ஐந்தாக்கச் சொன்னார். ஏழரையில் முடித்தோம்.